கெண்டி மார்க்

எங்க வூட்டுல ஒருத்தரு இருந்தும் இல்லாம, செத்தும் சாவாம இருந்தாரு. என்னைப் பெத்த எங்க அத்தாதான். ரங்கூனுக்குக் கைலி அனுப்பிக்கினு இருந்த துணி வியாபாரி. சண்டை வந்தப்ப அவரு ரங்கூன்ல, அம்மாவும் நானும் ராயபுரத்துல. அங்க குண்டு விழுந்துது, ஜனங்க காடு மலையெல்லாம் நடந்தே திரும்பி வர்றாங்கன்னு கேள்விப்பட்டோம். அவ்ளோதான் சேதி. எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். அவங்களுக்கு நான் ஒரே புள்ளை.

சண்டை முடிஞ்சுது, வெள்ளைக்காரன் போனான், நானும் வளந்து திருவொற்றியூர்ல ஒரு பாக்டரியில சேந்துட்டேன். அம்மா மட்டும் நின்ன எடத்துலயே நின்னாங்க. ஹார்பர்ல கப்பல் சங்கு ஊதினா போதும், மீன் கழுவிக்கினு இருந்த ஈரக் கையோட வாசப்படிக்கு வந்துடுவாங்க. யாரும் வரலன்னா எம்மேல எரிஞ்சு விழுவாங்க. பேஜாரா இருக்கும் எனக்கு. முன்னறையில யாரோ செருப்பைக் கழட்டுற சத்தம் கேக்குதுடான்னு சொல்வாங்க. சும்மா இரும்மான்னு அதட்டுவேன். ஆனா சத்தியமா சொல்றேன், அந்தச் சத்தம் எனக்கும் கேட்டிருக்கு. பயந்துகினு போயி பாத்திருக்கேன். ஒண்ணும் இருக்காது.

ஜமாத்துப் பெரியவங்க எத்தினி நாள்தான் பாப்பாங்க? "இருக்காரா இல்லியா, ஒரு முடிவுக்கு வாம்மா. ஆள் இல்லாமலே ஜனாஸா தொழுகை வெச்சுடறோம். நீயும் இத்தா உக்காந்துடு"ன்னாங்க. புருஷன் போனா பொம்பளை வூட்டை விட்டு வெளிய வராம உக்காந்து துக்கம் காக்கிறதுதான் இத்தா. அதுக்கு உக்காந்துட்டா அத்தா மவுத்தாயிட்டாருன்னு அம்மாவே ஒத்துக்கினதா ஆயிடும். அம்மா கதவுக்குப் பின்னால நின்னுகினு சொன்னாங்க: "கண்ணால பாத்தவன் ஒருத்தன் வரட்டும். என் வாசல்ல நின்னு சொல்லட்டும். அப்ப உக்கார்றேன்."

அந்த ஒருத்தனைத் தேடித்தான் நான் கெளம்பினேன். எங்கேன்னு போயித் தேடறது? அத்தா எப்படி வியாபாரத்துக்கு வந்தாரு, யாரு அவருக்கு தோஸ்துங்க, ஒரு எழவும் எனக்குத் தெரியாது. வருஷத்துல பாதி நாள் கடல் தாண்டி இருக்கிற மனுஷனைப் பத்தி புள்ளைக்கு இன்னா தெரியும்? சரி, அவரு பொறந்த எடத்துலேருந்தே ஆரம்பிப்போம்னு லீவு நாள்ல பழவேற்காட்டுக்குப் போனேன்.

அங்க ஒரு தெரு முழுக்கக் கைலித் தறி. விசாரிச்சா, அவரைப் பெத்தவங்க ரெண்டு பேரும் வாந்திபேதியில போயிட்டாங்களாம். கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியாம். "அவனா? கைலி மூட்டையைத் தோள்ல போட்டுக்கினு மெட்ராஸ் போனவன், திரும்பி வரவே இல்லியே"ன்னாரு ஒரு தறிக்காரரு. அங்கயும் அவரு திரும்பி வராதவருதானா?

மெட்ராஸ்ல மொதல்ல கொருக்குப்பேட்டையிலதான் விப்பாருன்னு அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். அங்க போயி ரிட்டேரான ரயில்வேக்காரரு ஒருத்தரைப் பிடிச்சேன். அத்தா பேரைச் சொன்னதுமே மனுஷன் முகம் மலந்துடுச்சு.

"ஐயோ, அவரா! சம்பள நாள்ல கரெக்டா ரயில்வே கேட்டாண்ட வந்து குந்திக்குவாரு. சாயம் போனா என் தலையில கட்டு நைனான்னு சொல்லி, ஒரு நூலை உருவி வாயில நனைச்சு, தன் வெள்ளைச் சட்டைக் கையிலயே தேச்சுக் காட்டுவாரு. சாயம் போவாதுன்னு சொல்றவரு சட்டை மட்டும் எப்பவும் கலர் கலரா இருக்கும்!"

அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். அப்பறம் எனக்கு அழுகை வந்துடுச்சு. இப்படி ஒரு தமாஷான மனுஷனா எங்க அத்தா? எனக்குத் தெரியாமலே போச்சே.

அந்தச் சட்டையை வெச்சே அவரு யானைக்கவுனியில ஒரு கிடங்கு பிடிச்சாரு, அப்பறம் கப்பல்ல மூட்டை ஏத்தினாரு, ரங்கூன்லயும் கடை போட்டாரு. ஒவ்வொரு மூட்டை மேலயும் கறுப்பு மையில ஒரு கெண்டி எழுதியிருக்கும். தொழுகைக்கு முன்னால கைகால் கழுவி ஒளு செய்ய வெச்சுக்கிற மூக்கு நீண்ட கெண்டி இருக்கே, அதேதான். பர்மாக்காரங்க கெண்டி படத்தைக் காட்டித்தான் சரக்கு கேப்பாங்களாம். எங்க வூட்டு முன்னறையிலயும் மூட்டை அடுக்கியிருந்ததால எங்க கதவு மேலயும் அந்தக் கெண்டி இருந்துச்சு.

அந்தக் கெண்டியை எழுதினவரு இன்னும் யானைக்கவுனியில கீறாருன்னு ரயில்வேக்காரருதான் சொன்னாரு. மத்தியானம் போனேன். தெருவுல வண்டியும் மூட்டையும் கூச்சலுமா இருக்கு. அவரு குனிஞ்சு ஒரு கோணி மேல மார்க் எழுதிக்கினு இருந்தாரு. "நான் கெண்டி மார்க்காரரு புள்ளை"ன்னேன்.

பிரஷ் கையிலேருந்து விழுந்துடுச்சு. அவரு என் மூஞ்சியைப் பாக்கல, காலைப் பாத்தாரு. மெதுவா கையை நீட்டி என் பாதத்தைத் தொட்டுப் பாத்தாரு.

"நீ உசுரோட கீறியா?"

"இன்னா நைனா இது, இப்படிக் கேக்கறீங்க?"

"நீங்கல்லாம் போயிட்டீங்கன்னு உங்க அத்தா இங்கதானே குந்தினு அழுதாரு!"

நான் அத்தா செத்த சேதி தேடிக்கினு வந்தா, இவரு என்னைச் செத்தவன்னு சொல்றாரே.

அவரு சொன்னது இதான். ஜப்பான்காரன் வரான்னு மெட்ராஸே காலியான அந்தக் கோடையில இவருக்குப் போக்கிடம் இல்ல, இங்கயே இருந்தாரு. தெருவுல நாய்ங்களைத் தவிர யாரும் இல்ல. ஒரு மத்தியானம் தாடியும் கந்தல் சுத்தின காலுமா ஒரு ஆள் வந்து நின்னிருக்காரு. கொரலை வெச்சுத்தான் அடையாளம் தெரிஞ்சுதாம். ரங்கூன்லேருந்து நடந்து, கல்கத்தாவுல ரயிலேறி, ராயபுரத்துக்குப் போயி வூட்டைப் பாத்துட்டு நேரா இங்க வந்திருக்காரு. வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம்: "என் மார்க்கை யாரு அழிக்கச் சொன்னாங்க?"

"எங்க கடைத்தெரு வழக்கம் அப்படி தம்பி. மொதலாளி போயிட்டா மார்க்கு புள்ளைக்கு வந்துடும், அதை அழிக்க மாட்டோம். புள்ளையும் இல்ல, அந்த வூடே அத்துப் போச்சுன்னாதான் சுண்ணாம்பு அடிப்போம். வேற எதுக்கும் அடிக்கவே மாட்டோம். ஹார்பர்ல குண்டு போட்டுட்டான்னு ரயில்ல வேற எவனோ அவராண்ட சொல்லியிருக்கான். நான் அழிக்கல மொதலாளி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். கதவு பூட்டிக்கீது, கெண்டி மேல சுண்ணாம்பு கீதுன்னாரு. கேக்கறதுக்குத் தெருவுல ஒரு ஆளு இல்லியாம். நான் இன்னா சொல்றது? தண்ணி குடுத்தேன், குடிக்கல. எழுந்து நடந்து போயிட்டாரு. வடக்கே போற கூட்ஸ்ல ஏறினாருன்னு அப்பறம் சொன்னாங்க."

சுண்ணாம்பு அடிச்சது யாருன்னு எனக்குத் தெரியும். ஊரே காலியானப்ப நாங்களும் வாணியம்பாடிக்குப் பொறப்பட்டோம், அன்னிக்குக் காலையில அம்மா புடவையை வரிஞ்சு கட்டிக்கினு அவங்களே அடிச்சாங்க. "உள்ள துணி மூட்டை கீதுன்னு திருடனுக்கு நாமளே போர்டு மாட்டி வைக்கணுமா?"ன்னாங்க. தெருவே மெச்சிக்கிச்சு, பொழைக்கத் தெரிஞ்ச பொம்பளைன்னு. நாங்க திரும்பி வந்தப்ப ஒரு மூட்டை கூடக் கொறையல. கடைத்தெரு வழக்கம் அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஆம்பளைங்க அதையெல்லாம் வூட்டுல சொல்லியிருந்தாத்தானே?

சொல்லாம விட்டுடலாமான்னு வழியெல்லாம் யோசிச்சேன். வழியிலயே மவுத்தாயிட்டாருன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் முடிஞ்சுடும். அம்மா இத்தா உக்காந்து எழுந்துடுவாங்க, இந்தப் பாவம் அவங்க தலையில ஏறாது. ஆனா கண்ணால பாத்தவனைக் கூட்டினு வான்னு கேட்டவங்களாச்சே. எனக்கு மனசு ஒப்பல. மறு வாரம் மார்க் எழுதறவரையே கூட்டினு வந்தேன்.

அவரு வாசல்ல நின்னு சொன்னாரு, அம்மா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டாங்க. அவரு முடிச்சதும் அம்மா, "சுண்ணாம்பு அடிச்சது நான்தாண்ணே"ன்னாங்க. அவரு துண்டால வாயைப் பொத்திக்கினு அழுதாரு. அம்மா அழல. "அப்ப எங்களுக்கும் ஓதியிருப்பாரு, இல்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க. அவருக்கு அது புரியல. எனக்குப் புரிஞ்சுது.

கல்கத்தா, நாக்பூர், பெஜவாடான்னு வந்தவன் போனவன் எல்லாரையும் வருஷக்கணக்கா விசாரிச்சேன். ஒரு தகவலும் இல்ல. அம்மா இத்தா உக்காரல, ஜமாத்தும் அப்பறம் கேக்கல. சங்கு ஊதினா அவங்க வாசலுக்கு ஓடறதும் நின்னு போச்சு.

செத்தவங்களுக்கு நாங்க வியாழக்கிழமை சாயங்காலம் ஃபாத்திஹா ஓதுறது வழக்கம். அன்னிக்கு அஸர் பாங்கு முடிஞ்சதும் அம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கினு தரையில உக்காந்துடுவாங்க. "வாடா, பக்கத்துல வந்து உக்காரு. உங்க அத்தா இப்ப நமக்கு ஓதுவாரு"ம்பாங்க. நானும் போயி உக்காருவேன். அவரு ஓதி முடிக்கிற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேச மாட்டோம்.