உறக்கத்திலும் இறங்காத அழுத்தம்

அந்தக் கருவி ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான் இருக்கும். அதை இடுப்புப் பட்டையில் மாட்டி, அதிலிருந்து ஒரு குழாயை மேலே கொண்டுபோய், இடது புஜத்தில் சுற்றிய துணிப்பட்டையோடு இணைத்துவிடுவோம். ஒரு பகலும் ஓர் இரவும் அது உடம்போடு இருக்கும். அவ்வப்போது தானாகவே காற்றேற்றிக் கையை இறுக்கி, ரத்த அழுத்தத்தை அளந்து பதித்துக்கொள்ளும். இரண்டாயிரங்களின் நடுவில், குவைத்தின் ஃபஹாஹீல் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தபோது எத்தனையோ பெண்களுக்கு அதைக் கட்டிவிட்டிருக்கிறேன். நினைவில் நிற்பது ஒரு கைதான். நைட்டியின் கையைச் சுருட்டி மேலேற்றிக்கொண்டு, "பாம்பு சுத்துன மாரில்ல இருக்கு சிஸ்டர்" என்று சிரித்த அக்காவின் கை.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது, அது யாருக்கு ஆபத்தாக முடிகிறது என்பதுதான் எங்கள் டாக்டரின் ஆராய்ச்சி. அவர் எகிப்துக்காரர், கோபத்திலும் குரலை உயர்த்தாதவர். உறங்கும்போது அழுத்தம் கொஞ்சமாவது இறங்க வேண்டும், இறங்காதவர்களுக்கு இதயமும் மூளையும் ஓய்வே இல்லாமல் தேய்கின்றன என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பகலில் ஒரு தடவை அளந்து அனுப்பிவிட்டால் அது தெரியாது. அதற்காகத்தான் அந்தக் கருவி.

அக்கா ஆராய்ச்சிக்கென்று வந்தவர் அல்ல. எஜமானிக்குத் துணையாக வந்தார். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், அந்தக் குவைத்தி வீட்டில் வெகுகாலமாக வீட்டுவேலை. எஜமானியை அவர் 'மாமா' என்று அழைத்தது முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அரபு வீடுகளில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் அரபு அரைகுறை என்பதால் எஜமானி சொல்வதை அக்காதான் எனக்குத் தமிழில் சொன்னார். திடீர் திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை தீயாய்ச் சூடு பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, உடனே போய் ஏசிக்கு நேராக நின்றுகொள்கிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த அக்கா, பாதியில் நிறுத்திவிட்டார்.

"இது நோவா சிஸ்டர்? எனக்கும் வருதே. நான் அடுப்புச் சூடுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அதையே அரபியில் எஜமானியிடமும் சொன்னார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எஜமானி அக்காவின் தோளில் ஓர் அடி போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் கேட்டதும் அவர்தான்.

மறுநாள் கருவிகளைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தோம். எஜமானியின் கோடு பகலில் ஏறி, உறக்கத்தில் ஒழுங்காக இறங்கியிருந்தது. அக்காவின் கோடு பகலிலேயே பயமுறுத்தியது. இரவில் அதற்கும் மேலே போயிருந்தது. கருவிதான் பழுதோ என்று டாக்டர் வேறொன்றைக் கட்டச் சொன்னார். மறுபடியும் அதேதான்.

"ராத்திரி தூங்கவே இல்லையா அக்கா?"

"தூங்குனேனே. பெரியவர் கூப்புட்டா மட்டும் எந்திரிப்பேன்."

எஜமானியின் மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் அறை வாசலில்தான் அக்காவின் பாய். புரட்டிப் போட, தண்ணீர் கொடுக்க, துணி மாற்ற என்று எப்போது வேண்டுமானாலும் குரல் வரும். பகலில் சமையலும் துணியும். டாக்டர் எஜமானியை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். அவர் பதறிப்போனார். அன்றைக்கே மாத்திரைகளை வாங்கிக்கொடுத்தார். இரவுக்கு வேறொரு பெண்ணை வைக்கிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஒருத்தி வந்தாள், பெரியவரின் வசவு தாங்காமல் போய்விட்டாள். அடுத்தவளுக்கு விசா வரவில்லை. அக்காவின் பாய் வாசலிலேயே கிடந்தது.

சில வாரம் கழித்து அக்கா மருத்துவமனைக்குப் போன் செய்து என்னைக் கேட்டார். "மாத்திரைய நிறுத்திட்டேன் சிஸ்டர். போட்டா எந்திரிக்கிறப்ப தலை சுத்துது. பெரியவரத் தூக்குறப்ப கீழ போட்டுட்டேன்னா?"

"ஐயோ, நிறுத்தாதீங்கக்கா. வாங்க, வேற மாத்திரை மாத்தித் தரச் சொல்றேன்."

"வண்டி இல்லாம எப்புடி வர்றது? கேட்டுப் பாக்குறேன்."

"கொஞ்ச நாள் லீவு போட்டு ஊருக்காவது போயிட்டு வாங்களேன்."

"லீவுன்னா வேற ஆள் வந்துரும். வந்த ஆளு நல்லா அமைஞ்சுட்டா என்னய எதுக்குத் திரும்பக் கூப்புடுவாங்க? மகளுக்கு இன்னும் படிப்பு முடியல. விடுங்க சிஸ்டர், நமக்கு இரும்பு ஒடம்பு."

டாக்டரிடம் சொன்னேன். அவரே அந்த வீட்டுக்குப் போன் செய்தார். அழைத்துவருகிறோம் என்றார்கள். கோடை விடுமுறை வந்தது. பெரியவரையும் அக்காவையும் விட்டுவிட்டுக் குடும்பம் வெளிநாடு போனது. டாக்டர் மறுபடி எஜமானியின் எண்ணுக்கு அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டருக்கு மருந்து எழுதத்தான் முடியும், எனக்குச் சொல்லத்தான் முடியும். வேலைக்கு வந்த பெண்ணை வீட்டிலிருந்து கூட்டிவர எங்கள் இருவருக்கும் எந்த அதிகாரமும் இல்லை.

குடும்பம் திரும்பி வந்த பிறகு, ஒரு காலை நேரம், எஜமானியே அக்காவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். எஜமானி அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஏதோ கேட்டார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரெச்சரில் வாய் கோணிக் கிடந்தார். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

பல வாரங்கள் வார்டில் கிடந்தார். பேச்சு திரும்பவில்லை. ஊருக்கு அனுப்ப முடிவானபோது, துணைக்கு ஒரு நர்ஸ் வேண்டுமென்று எஜமானி என்னைக் கேட்டுக்கொண்டார். விமானத்தில் அக்காவின் வாயைத் துடைத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். அவர் முழு நேரமும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் ஆராய்ச்சி முடிந்தது. அதில் சேர்ந்தவர்களில் ஒருவராக அக்காவும் பெயரில்லாமல் இருப்பார். இப்போது நான் நாகர்கோவிலில் இருக்கிறேன். எனக்கும் அந்த வயது வந்துவிட்டது, அழுத்தமும் வந்துவிட்டது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தெருவுக்கு நடந்துபோய் வேறொன்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். மத்தியானம் தூங்கினால் வீட்டில் யாரும் எழுப்புவதில்லை. அப்போதெல்லாம் சென்னை விமான நிலையத்து வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே வந்ததும் ஒரு பெண் ஓடிவந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டு, பிறகு குனிந்து கட்டிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரில மிஷினெல்லாம் கட்டிப் பாத்தாங்கன்னு அம்மா போன்ல சொன்னுச்சே. இப்புடி ஆகும்னு முன்னாடியே தெரியலயாக்கா?"

"தெரியும்மா" என்றேன்.

அவள் நாற்காலியின் கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.