சிக்னல் சிங்காரத்தின் அக்கார்டியன்

ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், பக்கத்து வீட்டு இன்ஜின் டிரைவரிடம் தோளில் மாட்டி இழுத்து வாசிக்கும் தங்கள் அக்கார்டியனைக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த டிரைவரின் மகன்தான் சுந்தர்ராஜ். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஞாயிறு ஆராதனையில் கோயிலில் கேட்ட பாட்டையும் ரேடியோவில் கேட்ட பாட்டையும் கட்டைகளில் தடவித் தடவி அவராகவே பிடித்துக்கொண்டார்.

பிறகு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. விடுமுறை நாட்களில் ஜியாவுல்லா நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசிப்பார். தொண்ணூற்று நான்கில் வாணியம்பாடியில் ஒரு கல்யாணக் கச்சேரி. பாட வேண்டியவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்ததும் சுந்தர்ராஜ் மைக்கைப் பிடித்தார். தமிழும் உருதுவும் இங்கிலீஷும் கலந்து ஸ்டேஷன் அறிவிப்பு சொன்னார். அக்கார்டியனை இழுத்து இன்ஜினைப் பெருமூச்சு விட வைத்தார். மாப்பிள்ளையே மேடையேறி இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.

“இன்னா தோஸ்த், நீ வாசிக்கிறத விட பேசறதுக்குத்தான் ஜாஸ்தி கைதட்றாங்க” என்றார் ஜியாவுல்லா.

அந்தக் கல்யாண வீடியோவை உள்ளூர் கேபிளில் போட்டார்கள். கேசட் கைமாறிச் சென்னை வரை போனது. தொண்ணூற்றெட்டில் ஒரு தனியார் சேனலின் நகைச்சுவைத் தொடரில் அவர் ‘சிக்னல் சிங்காரம்’ ஆனார். ரயில் போன பிறகு கேட்டை மூடுகிற கேட் கீப்பர். அந்த வியாழக்கிழமை மாலைகளை ஆம்பூர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஷிப்ட் விட்டதும் ஓட்டமாக வீடு திரும்புவார்கள். எல்லா வீட்டு டிவியிலிருந்தும் தெரு முழுக்க அவர் குரலே கேட்கும். மறுநாள் டீக்கடையில், “அண்ணே, கேட்ட மூடிட்டீங்களா?” என்று கேட்காத ஆள் கிடையாது.

சுந்தர்ராஜுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. டிவியில் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும். கெஞ்சிக் கேட்டதில் இயக்குநர் ஒத்துக்கொண்டார். பல வருஷத்துக்கு முன் மகள் ஜெனிஃபா பிறந்த வாரத்தில் தானே கட்டியிருந்த மெட்டை கேமரா முன்னால் முழுசாக வாசித்துவிட்டு வந்தார். ஒளிபரப்பில் அவர் விரல்கள் கட்டைகளில் ஓடின. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு வாத்துக் கத்தலைச் சேர்த்திருந்தார்கள். ஜெனிஃபா விழுந்து விழுந்து சிரித்தாள். நர்ஸ் டியூட்டி முடித்து வந்திருந்த மனைவி பிரிஸ்கில்லா டிவியை அணைத்தாள்.

“வுடு பிரிஸ்கி, சிரிச்சிட்டுப் போவட்டும்” என்றார். ஆனால் அக்கார்டியன் பரணுக்குப் போய்விட்டது. கோயிலிலும் அவர் வாசிக்க உட்கார்ந்தாலே பிள்ளைகள் களுக்கென்று சிரித்ததால், கடைசி பெஞ்சுக்கு ஒதுங்கிக்கொண்டார்.

கம்பெனியில் கூட வேலை பார்த்த ஜெபமணி புற்றுநோயில் இறந்தபோது, அவர் மனைவி கிரேஸி சொல்லியனுப்பினாள். அடக்கத்துக்கு சுந்தர்ராஜ்தான் வாசிக்க வேண்டுமாம். அவர் நேரிலேயே போய்த் தயங்கினார்.

“நான் ஒக்காந்தாலே சிரிப்பாங்க அக்கா. சாவு வீட்ல நல்லாவா இருக்கும்?”

“சிரிக்கட்டுமே. படுத்த படுக்கையா கெடந்தாரு. வியாழக்கிழமையானா ஒன்னப் பாத்துத்தான் வலிய மறந்து சிரிச்சாரு. நீயே வாசி.”

பரணிலிருந்து இறக்கிய அக்கார்டியனில் பூஞ்சை வாடை அடித்தது. ஒரு கட்டை அழுத்தினால் எழும்பவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவர் பெல்ட்டைத் தோளில் மாட்டியதும், நினைத்த மாதிரியே யாரோ சிரித்தார்கள். கம்பெனிப் பையன்கள் நாலைந்து பேருக்கு அது தொற்றியது. கண்ணீரோடு கிரேஸியும் சிரித்துவிட்டாள். சுந்தர்ராஜ் நிறுத்தவில்லை. கீர்த்தனையை முடித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே ஜெனிஃபாவின் மெட்டுக்குப் போனார். சிரிப்பு தானாக அடங்கியது. சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது ஜனங்கள் அவர் முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் பிரிஸ்கில்லாவின் கையை விடவில்லை.

இரண்டாயிரத்து நாலில் தொடரை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் மாமியார் மருமகள் கதை போட்டார்கள். சென்னையிலிருந்து அழைப்பு வரவில்லை. ஜியாவுல்லாதான் மறுபடி கச்சேரிக்குக் கூப்பிடத் தேடி வந்தார்.

“நோட்டீஸ்ல இன்னா பேர் போடறது? சுந்தர்ராஜ்னா எவனுக்குத் தெரியும்?”

“ரெண்டையும் போடு பாய். மொதல்ல சிங்காரம் பேசுவான். அப்பறம் நான் வாசிப்பேன்.”

ஆலங்காயத்துத் திருவிழாவில் அப்படித்தான் நடந்தது. சிங்காரம் பேசி முடித்ததும் பாதிக் கூட்டம் எழுந்து ராட்டினத்தின் பக்கம் போனது. மீதிப் பேர் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சுந்தர்ராஜ் நாற்காலியை மேடையின் விளிம்புக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.