ஹல்லாவின் நீலக் கண்

நோரீன் பெட்ரிக்குக்குப் பயம் கூடவே பிறந்தது. தண்டர் பே ஊரின் பெரிய மளிகைக்கடை ஒன்றில், கேக் பிரிவில், பல வருடமாகக் க்ரீமில் ரோஜாப்பூ வைப்பவள். பிறந்தநாள் கேக்கில் பேர் எழுதி முடித்த பிறகும் பெட்டியை மூட மனசு வராது. எழுத்துச் சரிதானா, வயசு சரிதானா என்று நாலு தரம் எட்டிப் பார்ப்பாள். ஆனாலும் கேக்கில் ஒரு நிம்மதி இருந்தது. தப்பே வந்தாலும் பொழுது சாய்வதற்குள் யாராவது அதைத் தின்று தீர்த்துவிடுவார்கள்.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தது ஒரு பூனை. இறைச்சிப் பிரிவில் வேலை பார்த்த பெவ் என்பவளின் பிறந்தநாளுக்கு, அவளுடைய பூனையையே கேக்கின் மேல் வரைந்துவிட்டாள் நோரீன். வெட்டுவதற்கு ஒருத்திக்கும் கை வரவில்லை. "இதையே சுவத்துல மாட்டுற மாதிரி வரைஞ்சு குடுடி, காசு தர்றேன்" என்றாள் பெவ். மாலை வகுப்பில் கொஞ்சம் வர்ணம் குழைக்கக் கற்றிருந்த தைரியத்தில் நோரீன் வரைந்தும் கொடுத்தாள். பெவ் அதைக் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏண்டி, என் பூனை இவ்வளவு குண்டா?"

"இல்லையே... வந்து... குளிர்காலம்ல, முடி கொஞ்சம் அதிகமா..."

"குண்டுதான். மருத்துவர் சொன்னப்போ நம்பலை. இப்ப நம்புறேன்."

பூனை சுவரில் ஏறியது. அதைப் பார்த்து இரண்டு பூடில் நாய்கள் வந்தன, ஒரு பள்ளி ஆசிரியையின் முயல் வந்தது. படம் கொடுக்கப் போகும் நாளிலெல்லாம் நோரீனுக்கு ஒரு வாய் இறங்காது. முயல்காரி கதவைத் திறப்பதற்குள் வாசலிலேயே படத்தை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தாள். "என்னமோ அந்த முயலை நீயே பெத்த மாதிரி தவிக்கிறியே" என்று சிரிப்பான் அவள் புருஷன் டேல். அவன் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். வண்டி ஓடினால் ஓடியது, இல்லையென்றால் இல்லை. அவனுக்கு இந்த அவஸ்தையெல்லாம் எங்கே புரியப்போகிறது.

ஜனவரியில் வின்னிபெக்கிலிருந்து ஐனோ என்ற பெண் கூப்பிட்டாள். அவளுடைய அப்பா ரெய்னோ லாஹ்தினென் தண்டர் பேயிலேயே, காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். கூட இருந்த ஹல்லா என்ற ஹஸ்கி கலப்பு நாய் இலையுதிர் காலத்தில் செத்துப்போயிருந்தது. அவருக்கு எண்பது வயது நிறையும் ஞாயிற்றுக்கிழமை ஹல்லாவின் படத்தைக் கொடுக்க வேண்டும், அவருக்கே தெரியாமல்.

"ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு பழுப்பு. ஃபோட்டோவுல இருக்கு பாருங்க" என்றாள் ஐனோ. பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்பாவுக்கு ஃபோட்டோ எடுக்குற பழக்கமே கிடையாது. போன வாரம் பேசுறப்போ, 'அவ மொகம் எனக்கு நழுவிக்கிட்டே போகுது, ஐனோ'ன்னார். என் தாத்தாவுக்குக் கடைசியில எங்க யாரையும் அடையாளம் தெரியலை. அப்பாவுக்கு அந்தப் பயம் உள்ளுக்குள்ள ஓடுது. அதான் கேக்குறேன்."

குண்டுப் பூனையா இது, சிரித்துவிட்டுப் போக? ஒரு மனுஷனின் ஞாபகத்துக்கு முட்டுக்கொடுக்கிற வேலையல்லவா இது. முடியாது என்று சொல்ல வாயெடுத்த நோரீன், சரி என்று சொல்லிவிட்டாள்.

ஐனோ அனுப்பிய படங்களில் ஒன்றில் நாயின் முதுகு, ஒன்றில் மேசைக்கடியில் வால், இன்னொன்றில் உறைந்த ஏரியின் மேல் எங்கோ ஒரு புள்ளி. முகம் தெரிந்தது ஒன்றே ஒன்றில்தான். ரெய்னோவின் டிரக்குக்குள், அவருக்கும் ஐனோவுக்கும் நடுவில் ஹல்லா உட்கார்ந்திருக்க, ஐனோ கையை நீட்டி எடுத்த படம். நோரீன் அதைப் பெரிதாக அச்செடுத்துப் பலகையின் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். நெற்றியில் சாய்ந்து இறங்கும் வெள்ளைக் கோடு, ஒரு காதில் பழைய கடியின் பிளவு, அந்த நீலக் கண் என்று ஒவ்வொன்றையும் அளந்து அளந்து வரைந்தாள். கண்ணை மட்டும் மூன்று தரம் அழித்துப் போட்டாள். முடித்தபோது, அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. தோன்றிய உடனே அதற்கும் பயந்தாள்.

ஞாயிறு காலை டேல் காபிக் கோப்பையோடு வந்து படத்தைப் பார்த்தான். பிறகு பக்கத்திலிருந்த ஃபோட்டோவைப் பார்த்தான்.

"பெரியவர் தபால் வண்டியா ஓட்டுனாரு?"

"ஆலையில இருந்தவர்னு சொன்னேனே. ஏன்?"

"வலது பக்கமா உக்காந்து ஓட்டுறாரே. அந்த மாதிரி வண்டி கிராமத்துத் தபால்காரங்ககிட்டதான் இருக்கும்."

அந்த ஊரில் மற்ற வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங் இடது பக்கம்தான். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற தேசத்துக்காரர்கள் பார்த்திருந்தால் அதில் ஒரு கோளாறும் தெரிந்திருக்காது. வாரக்கணக்கில் அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்திய நோரீனுக்கும் தெரியவில்லை. அவள் நாயைத் தவிர வேறெதையும் பார்க்கவே இல்லை.

"முன்பக்கக் கேமராவுல எடுத்திருக்காங்க" என்றான் டேல். "சில போன்ல கண்ணாடியில தெரியற மாதிரியே பதிஞ்சிடும். இடது வலதா..." அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மனைவியின் முகம் வெளுத்துவிட்டிருந்தது.

நீலக் கண் மாறி. காதின் பிளவு மாறி. நெற்றிக் கோடு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. தூரிகையை எடுத்தாள், கீழே வைத்தாள், திரும்ப எடுத்தாள். கண்ணை மட்டும் மாற்றினால் அது மூன்றாவதாக ஒரு நாய் ஆகிவிடும். புதிதாக வரைய நேரமில்லை, இரண்டு மணிக்கு விருந்து. ஐனோவைக் கூப்பிட்டாள்.

"ஐயோ, எந்தப் பக்கம்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லைங்க. நான் வர்றதே வருஷத்துக்கு ரெண்டு தடவை. அப்பாவும் கவனிக்க மாட்டார். கொண்டு வாங்க, ஒண்ணும் சொல்லிக்க வேணாம்."

ஒன்றும் சொல்ல வேண்டாம். வழி நெடுக அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நோரீன் வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

ரெய்னோவின் வீட்டில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் மணத்தன. உறவுக்காரர்கள் பத்துப் பேர் இருக்கலாம். ஐனோ படத்தின் மேலிருந்த துணியை விலக்கியதும் எல்லோரும் "அட, ஹல்லா!" என்றார்கள். ரெய்னோ கிட்டே வந்தார். பார்த்தார். அவருடைய கை மெல்ல உயர்ந்து அவருடைய இடது கண்ணைத் தொட்டது. பிறகு வலது கண்ணைத் தொட்டது.

"நீலம் இந்தப் பக்கம்னுல்ல நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

"இல்லப்பா, ஃபோட்டோவைப் பாத்து வரைஞ்சது. அப்படியே இருக்கா பாருங்க" என்றாள் ஐனோ, அவசரமாக.

"ஃபோட்டோவா." அவர் தலையாட்டிக்கொண்டார். "அப்ப எனக்குத்தான் மாறிப்போச்சு." சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கவும் பார்த்தார். "ஆரம்பிச்சிடுச்சு போல. எங்கப்பாவுக்கு வந்த மாதிரி."

திட்டுவார் என்று பயந்து வந்தவள் நோரீன். படத்தைத் தூக்கி எறிவார் என்றுகூட நினைத்திருந்தாள். அவர் படத்தை நம்பித் தன்னைச் சந்தேகப்படுவார் என்பது அவளுடைய எந்தப் பயத்திலும் இருந்ததில்லை. ஐனோ அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். நோரீன் படத்துக்கும் பெரியவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு மாறலை, ஐயா. எனக்குத்தான் மாறிடுச்சு."

"என்னம்மா?"

"ஃபோட்டோவே இடது வலதா விழுந்திருக்கு. அதைக் கவனிக்காம அப்படியே வரைஞ்சிட்டேன். காலையிலயே தெரியும். சொல்லத் தைரியம் வரலை."

"ஆறுதலுக்குச் சொல்றே."

"சத்தியமா இல்லைங்க. கண்ணாடி இருக்கா வீட்டுல?"

பதிலுக்குக் காத்திராமல் படத்தைத் தூக்கிக்கொண்டு நடைவழிக்குப் போனாள். கோட்டுகள் தொங்கிய சுவரில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. படத்தைக் கண்ணாடிக்கு நேரே மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"இதுக்குள்ள பாருங்க."

ரெய்னோ அவளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். நீலக் கண் இடம் மாறியிருந்தது. வெள்ளைக் கோடு போக வேண்டிய பக்கம் போனது. அவர் படத்தைத் தொடவில்லை. எட்டிக் கண்ணாடியைத் தொட்டார், காதில் பிளவு தெரிந்த இடத்தில்.

"இந்தக் காதுதான்" என்றார். "ஏரிக்கரையில பக்கத்து வீட்டு நாய் கடிச்சது. இந்தக் காதுதான்னு நான் தினமும் சொல்லிப் பாத்துக்குவேன்."

"நான் வேற வரைஞ்சு தர்றேங்க. இதை எடுத்துட்டுப் போய்..."

அவர் காதில் அது விழவே இல்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே, அறைக்குள் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி மகளைக் கூப்பிட்டார். குரல் உடைந்துவிட்டது.

"ஐனோ, எனக்கு மறக்கலை. பாரு வந்து, எனக்கு ஒண்ணும் மறக்கலை."