தொடாதீங்க சாரின் வலது கை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு; சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் ‘தொடாதீங்க சார்’. ஒரு நாளில் அவர் பேசுகிற பேச்சில் பாதி அதுதான் என்பதால் வந்த பட்டம். வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. கண்ணாடி டம்ளரை யாராவது எடுக்கப் போனால்கூட ஒரு ‘தொடாதீங்க’ விழும். கல்யாணமான புதிதில், இந்த மனுஷன் தன்னையும் தொடாதே என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துபோனதாக அவர் மனைவி உறவினர் கூடுகிற இடங்களில் சொல்வதுண்டு. ஒரு மகள் பிறந்ததால் பயம் வீண் என்று உறவினர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அவர் காவல் காத்தது ஒரு ஹாலோஜன் விளக்கை. விரல் நீளம்தான் இருக்கும். கடையில் விற்கிற விளக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கோ எனக்கோ வித்தியாசம் தெரியாது. ஆனால் இது அளந்து சான்றிதழ் வாங்கிய விளக்கு. இவ்வளவு மின்சாரம் கொடுத்தால், இவ்வளவு தூரத்தில், இவ்வளவு வெளிச்சம் விழும் என்று கடல் கடந்த ஓர் ஆய்வகம் எழுதிக் கொடுத்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர்கள் எல்லாம் இதன் முன்னால் வந்து நின்று, இது சொல்கிறபடி தங்களைத் திருத்திக்கொண்டு போகும். துணிக்கடைக்காரருக்கு முழக்கோல் எப்படியோ, அப்படி. என்ன, முழக்கோல் அளந்தால் தேயாது. இது எரிய எரிய மாறும். ஆகவே முடிந்தவரை ஏற்றாமல் வைத்திருப்பதே விளக்கைக் காப்பாற்றுகிற வழி. குடத்திலிட்ட விளக்கு என்றால் ஊர் உச்சுக்கொட்டும். இவருக்கோ அது குடத்தில் இருக்கும்வரைதான் தூக்கம்.

வெறுங்கையால் அதைத் தொடவும் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொண்டால், விளக்கு எரிகிற சூட்டில் அது கண்ணாடியோடு வெந்து வெள்ளைத் தழும்பாகிவிடும். தழும்பு விழுந்தால் வெளிச்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். எதை வைத்துப் பார்ப்பது? மற்றதெல்லாம் இதை வைத்துத்தானே பார்த்தது! ஜோடியாக இருந்த இன்னொரு விளக்கு முன்பே உயிரை விட்டிருந்தது. புதிது வாங்கும் கோப்பு மேசை மேசையாகப் போய் ஆசி வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை. சுவரெல்லாம் கறுப்பு பூசிய இருட்டறையில், பருத்திக் கையுறை போட்டு, விளக்கைத் தாங்கியில் உட்கார வைத்திருந்தார். திருகாணி இன்னும் முடுக்கவில்லை. பெரிய அதிகாரி ஒரு விருந்தாளியோடு உள்ளே வந்தார். இவர் வழக்கம்போல, “தொடாதீங்க சார்,” என்றார். விருந்தாளி நல்ல மனிதர், உடனே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அறிமுகம் நடந்ததும் மரியாதையாகக் கையை நீட்டினார். கையுறையோடு கை குலுக்கினால் என்ன நினைப்பார்! பெரிய அதிகாரியின் புருவம் கையுறையைக் கழற்றச் சொன்னது. கழற்றினார், குலுக்கினார். விருந்தாளி திரும்பியபோது அவர் தோள்பை தாங்கியில் இடித்தது. விளக்கு சாய்ந்தது.

வலது கை பிடித்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை.

விழவில்லை, உடையவில்லை. பெரிய அதிகாரி கைதட்டினார். தொடாதீங்க சார் மட்டும் தன் கையைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் ஏற்றலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

“அவருக்கு ஃப்ளைட் இருக்குய்யா. ஒரு நிமிஷம் போட்டுக் காட்டு.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் மேலதிகாரி எப்படிப்பட்டவரோ. இவர் ஏற்றினார். விருந்தாளி, “அழகா இருக்கு,” என்று சொல்லிவிட்டு விமானம் பிடிக்கப் போனார்.

ஆறிய பிறகு சாய்த்துப் பார்த்தால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கல். ஓடிப்போய்ச் சொன்னார். பெரிய அதிகாரி தள்ளி நின்றே பார்த்துவிட்டு, தன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்டார்.

“தெரியாது சார். குறையாமலும் இருக்கலாம்.”

“அப்ப குறையலைன்னு வச்சுக்கோ.”

சான்றிதழ் இன்னும் காலாவதியாகவில்லை. சான்றிதழ் சரி என்றால் விளக்கும் சரிதானே என்று அவரே விளக்கமும் சொன்னார். மறுபடி அளந்து வர விளக்கைக் கப்பலேற்றி அனுப்பினால் அது திரும்பும்வரை கடையை மூடவேண்டும். மூடுகிற அதிகாரம் தனக்கில்லை, இருக்கிறவருக்கு இதெல்லாம் புரியாது. சக ஊழியர்கள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று இவரைத்தான் கடிந்துகொண்டார்கள். மீட்டர்கள் வந்தபடி இருந்தன. இவர் திருத்தி, ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பியபடி இருந்தார். அவற்றில் ஒன்று மருத்துவமனையுடையது. மஞ்சள் காமாலையோடு பிறக்கும் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பார்களே, அந்த வெளிச்சம் போதுமா என்று பார்க்கிற மீட்டர்.

அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மஞ்சளாக.

“அப்பா, மீட்டர்ல உங்க ஆபீஸ் ஸ்டிக்கர் இருக்கு, உங்க கையெழுத்தோட,” என்று மகள் போனில் சொன்னாள். “அதைப் பார்த்தப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு.”

இவருக்குப் போனது. விளக்கு மங்கியிருந்தால், அதைப் பார்த்துத் திருத்திய மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்; முள் ‘போதும்’ என்கிற இடத்தில் குழந்தைக்குப் போதாது. ரத்தத்தில் மஞ்சள் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். மருத்துவமனைக்குப் போய் நின்று, விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே வைக்கச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினார்.

“இதுக்கு மேல கிட்ட வச்சா சூடு தாங்காது சார். மீட்டர் போதும்னுதானே காட்டுது.”

“அது கொஞ்சம் கூட்டிக் காட்டலாம்மா.”

“போன மாசம்தான் செக் பண்ணி வந்துச்சு. இதோ கையெழுத்து.”

“அது என் கையெழுத்துதான்.”

நர்ஸ் ஸ்டிக்கரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அப்ப நீங்களே சந்தேகப்படலாமா சார்?”

வேறு மீட்டர் இல்லையா என்று கேட்டார். இருந்தது. அதிலும் இவர் கையெழுத்துதான். அதே வாரத்தில் வந்து போனது. டாக்டரிடம் முதலிலிருந்து எல்லாம் சொன்னார். விருந்தாளி, தோள்பை, கட்டைவிரல். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாத்தாவானால் எல்லோருக்கும் வருகிற பயம்தான் என்று தோளைத் தட்டினார். வேறு வழி தெரியாமல் தொட்டில் பக்கம் குனிந்து, பேத்தியின் நிறம் மாறுகிறதா என்று கண்ணாலேயே அளக்கப் பார்த்தார். நீல வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் நீலம்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார் நர்ஸ். “உங்க நிழல் குழந்தை மேல விழுது.”

தள்ளி நின்றார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் இறங்கியிருந்தது. சம்பந்தி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை, மாமா வேலையின் மதிப்பு இன்றைக்குத்தான் தெரிந்தது என்று வார்டில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னான். நிறைய குழந்தைகளுக்கு அது தானாகவும் இறங்கும், இறங்கவேண்டிய வேகத்தில்தான் இறங்கியதா என்று யாருக்கும் தெரியாது என்று இவர் ஆரம்பித்தார்.

“நல்ல சேதி வந்திருக்கு,” என்றாள் மனைவி. “இன்னிக்காவது அந்த விளக்கை விட்டுட்டு வாங்களேன்.”

சேதி ஆய்வகத்துக்கும் போயிருந்தது. பெரிய அதிகாரி எழுந்து வந்து, கை குலுக்கினார்.

“உன் பேத்தியே தேறிட்டா. விளக்கு சரியா இருக்குன்னு இதைவிட என்னய்யா சாட்சி வேணும்?”

அந்த விவகாரம் அத்துடன் முடிந்தது. வெளியே பெஞ்சில் வேறொரு மருத்துவமனை ஆள் மடியில் மீட்டரோடு உட்கார்ந்திருந்தார். வார்டு நிறையக் குழந்தைகள், இன்றைக்கே கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். இங்கே முடியாது, வேறெங்காவது கொண்டுபோங்கள் என்று சொல்ல வாயெடுத்தார் தொடாதீங்க சார். வேறெங்கே? மீட்டரை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார்.