படலைக்கு வெளியே அம்மாவின் கதிரை

நமக்குப் பயமாக இருக்கிற ஒருவரை நாம் உண்மையாக நேசிக்க முடியுமா? அம்மா இருந்த காலத்தில் இதை அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிற இந்த நாளிலும் எனக்குப் பதில் தெரியாது. கடவுளுக்குப் பயப்பட வேண்டும், கடவுளை நேசிக்கவும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் இரண்டையும் ஒன்றாகத்தான் படித்தோம். அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. மனிதர் விசயத்தில்தான் முடியாமல் இருக்கிறது.

நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணா சொன்னார். "அம்மாவைப் பற்றி நல்லதா எழுது, ஆக்களை அழ வைக்காத" என்றும் சொன்னார். நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்கினாலும் எங்கள் வீட்டு வாசல் படலையடியில்தான் வந்து நிற்கிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது எத்தாளையில், ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் ஊற்றி வளர்ந்தவர். அப்பாவைத் திருமணம் செய்து கண்டக்குழிக்கு வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. கடற்கரை வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மீன் வெட்டத் தெரியாது, கருவாடு போடத் தெரியாது. அப்பாவின் சொந்தக்காரப் பெண்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்களாம். பக்கத்து வளவில் இருந்த திரேசா மாமி மட்டும் வந்து பக்கத்தில் குந்தினாராம். "வெங்காயம் வெட்டி அழுத கண்ணுக்கு மீன் வெட்டுறது லேசு புள்ள. இஞ்ச பாரு, செவுளுக்குக் கீழ கத்திய வை." அம்மா அதை மாமியின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். கண்டக்குழியில் அம்மாவுக்குக் கிடைத்த முதல் அன்பான வார்த்தை அதுதான்.

பிறகு அம்மா கருவாட்டில் எல்லோரையும் வென்றுவிட்டார். சோளகக் காற்று வீசி, அப்பா கடலுக்குப் போக முடியாத மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அம்மாவின் கருவாட்டால். அண்ணாவும் நானும் உயர்தரம் வரை படித்ததும் அதனால்தான். கையில் உப்புப் புண் இல்லாத அம்மாவை நான் சிறுவயதில் பார்த்ததாக நினைவில்லை.

நாங்கள் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் திரேசா மாமிக்கு மனநோய் வந்தது. ஏன் வந்தது என்று ஊரில் பல கதைகள். அம்மா அவற்றில் ஒன்றையும் எங்கள் வீட்டுக்குள் கதைக்க விடவில்லை. மாமியின் தம்பி வீட்டார் தலவிலக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். அம்மாவும் கூடப் போய்ச் செபித்தார். செபித்துவிட்டு வந்து, அடுத்த கிழமையே மாமியைப் பஸ்ஸில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கிளினிக் கூட்டிப்போனார். மதியம் சாப்பிட்ட பிறகு மருந்துக் குளிசை போட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். யார் கொடுத்தாலும் மாமி துப்பிவிடுவார். அம்மாவின் கையால் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து மதியச் சோறு எங்கள் வீட்டில்தான். சாப்பிட்டதும் அம்மா முன்னால் நின்று, "ஆ காட்டுங்க அக்கா. நாக்கத் தூக்குங்க. ம், போயிட்டுது" என்பார். "நான் வாயத் திறந்தா ஒருத்தரும் பாக்கிறதில்ல" என்பார் அப்பா.

அம்மாவின் பக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் திரிகாலச் செபம் சொல்லாமல் அவர் அடுப்பு மூட்டியதில்லை. அயல் வீடுகள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தில் செபமாலை தொடங்குகிறவரும் அவர்தான். ஆனால் ஞாயிறு பூசையில் அம்மாவின் இடம் கதவுக்குப் பக்கத்துக் கடைசி வாங்கு. சனிக்கிழமையே மாமிக்குத் தலை இழுத்து, மறுநாள் கூட்டிக்கொண்டு வருவார். சில நாட்களில் மாமி நடுப் பூசையில் சத்தம் போடுவார். அம்மா அவரைக் கையில் பிடித்து வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிற்பார். பிரசங்கம் போய்விடும், சில வேளை நற்கருணையும் போய்விடும். வீட்டுக்கு வரும் வழியில், "பாதர் என்ன சொன்னவர்?" என்று என்னைக் கேட்பார். நான் முழித்தால், "நான் வெளிய நிண்டேன், எனக்குச் சாட்டு இருக்கு. உனக்கு என்ன சாட்டு?" என்பார்.

அன்பியத்தில் ஒருவர் ஒருநாள் கேட்டுவிட்டார்: "ஒவ்வொரு கிழமையும் பூசையப் பாதியில விட்டுட்டுப் போறீங்களே, அது கடவுளுக்குச் செய்யிற குறை இல்லையா?" அம்மா அதைச் சிரித்து விடவில்லை. பல நாள் யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பாதரிடம் போய்க் கேட்டார். அடுத்த ஞாயிறு பாதர் எல்லோருக்கும் நற்கருணை கொடுத்து முடிந்ததும், அம்மாவுக்கும் எடுத்துக்கொண்டு, கோயிலை விட்டு இறங்கி வேப்பமரத்தடி வரைக்கும் நடந்து போனார். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பாவம், அந்த மனுசனை வெயிலுக்க நடக்க வச்சிட்டேன்" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

இதுவரைக்கும் எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. இனித்தான் கஷ்டம்.

திருமணத்துக்குப் பிறகும் நான் அம்மா வீட்டிலேயே இருந்தேன். என் கணவர் சுற்றுலா விடுதியொன்றில் வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் நடை பழகிய நாட்களில் ஒரு பகல், நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். திரும்பிப் பார்த்தால் முற்றத்தில் மகளும் இல்லை, மாமியும் இல்லை. கடற்கரைக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் நிழலில், மகளை மடியில் வைத்துக்கொண்டு மாமி இருந்தார். மகளின் கால்கள் ஈரமாக இருந்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்குக் கடல் காட்டினேன்" என்றார் மாமி, மிகச் சாதாரணமாக.

ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். எனக்கு அந்த ஈரக் கால்கள்தான் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அன்று பின்னேரமே என் கணவர் படலைக்குப் பூட்டுப் போட்டார். "இனி மாமி உள்ள வரக்கூடாது அம்மா" என்று நான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார்.

மறுநாள் மதியம் அம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வெளியே போனார். திரும்பி வந்து இன்னொன்றைக் கொண்டுபோனார். பிறகு இரண்டு கோப்பையில் சோறும் மீன் ஆணமும். மதில் நிழலில் இருந்து அம்மாவும் மாமியும் சாப்பிட்டார்கள். அப்பா விறாந்தையில் நின்று பார்த்து, "வீட்டுக்காரி றோட்டில, பூனை வீட்டுக்குள்ள" என்றார். போகிற வருகிறவர்களும் விடவில்லை. "என்ன, மகள் வெளிய போட்டுட்டாளோ?" என்று ஒருவர் கேட்டார். "ஓம், வாடகை கட்டல்ல எண்டு" என்றார் அம்மா.

எனக்கு அழுகை வந்தது. அவர் உள்ளே வந்ததும், "என்னில கோபமா அம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கோபம்? நீ தாய். உனக்குப் பயம் வராட்டித்தான் நான் ஏசுவேன்."

"பின்ன ஏன் வெளிய போய் இருக்கிறீங்க?"

"உன்ட பயத்துக்கு அவ பட்டினி கிடக்க ஏலுமா? நீ பூட்டிக்கொள். நான் வெளிய இருந்து சாப்பிடுறேன். எனக்குக் காத்தும் கிடைக்குது."

அன்றிலிருந்து அம்மா நடமாட முடிந்த காலம் வரை மதியச் சோற்றை வீட்டுக்குள் சாப்பிடவில்லை. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டார்கள். என்னை ஒரு நாளும் திறக்கச் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் திறந்திருப்பேனோ, இல்லை சண்டை பிடித்திருப்பேனோ தெரியாது.

சென்ற ஆண்டு அம்மாவின் இருதயம் பலவீனமானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, பேச மூச்சுப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார்: "அவ குளிசை போட்டாவா?"

"போட்டவ. நீ தந்துவிட்டது எண்டு சொல்லித்தான் குடுத்தேன். முதல் ஒருக்கா என்ட சேட்டில துப்பிட்டு, பிறகுதான் போட்டவ" என்றார் அப்பா. அம்மா சிரித்தார். அதற்குப் பிறகு அதிகம் கதைக்கவில்லை. பாதர் வந்து நோயிற்பூசுதல் கொடுத்தார். செபம் சொல்லச் சொல்ல அம்மாவின் உதடுகளும் அசைந்தன. அமைதியாகப் போனார்.

அடக்கத்தன்று எங்கள் படலை அகலத் திறந்திருந்தது. தெரியாதவர்கள்கூட உள்ளே வந்தார்கள். திரேசா மாமி வரவில்லை. மதிலோரத்தில், தன் வழமையான இடத்தில் நின்றார். "உள்ள வாங்க" என்று யாரோ கூப்பிட்டும் அசையவில்லை. பெட்டியை வெளியே எடுத்தபோதுதான் அம்மாவின் முகம் இருக்கும் பக்கமாக வந்து கை வைத்தார். பின்னால் சேமக்காலை வரை நடந்தார். உள்ளே வரக்கூடாது என்பதை மாமி நன்றாகப் படித்துவிட்டார். அதைப் படிப்பித்தது நான்.

அதற்குப் பிறகும் மதியத்தில் வந்தார். நான் படலைக்கு மேலால் சோறு நீட்டினேன், வாங்கிச் சாப்பிட்டார். குளிசையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியின் தம்பி வீட்டிலும் அப்படித்தான். "நாங்களும் பாத்தாச்சு புள்ள, உங்கட அம்மாவோட மருந்தும் போயிட்டுது" என்று தம்பியின் மனைவி கையை விரித்தார். மாமி இரவு பகல் உறங்காமல் கரையில் திரியத் தொடங்கினார்.

ஒரு மதியம் நான் குளிசையை நீட்டி நீட்டிக் களைத்துப்போய் நின்றேன். மகள் அதை என் கையிலிருந்து எடுத்தாள். அவளுக்கு இப்போது நாலு வயது. படலைக் கம்பிகளுக்கு இடையால் கையை விட்டு, இடுப்பில் மற்றக் கையை வைத்துக்கொண்டு, "ஆ காட்டுங்க அக்கா" என்றாள். அம்மாவின் குரல், அம்மாவின் அதட்டல். தன் வயதைப் போலப் பல மடங்கு வயதானவரை அக்கா என்கிறாள். மாமி வாயைத் திறந்தார். "நாக்கத் தூக்குங்க." தூக்கினார். "ம், போயிட்டுது" என்று மகள் எனக்கு அறிவித்தாள்.

அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. மாமி இப்போது உறங்குகிறார் என்று தம்பி வீட்டார் சொல்கிறார்கள். மகள் படலைக்கு உள்ளே, மாமி வெளியே, நான் மகளின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு. போன கிழமை மகள் கேட்டாள்: "அம்மா, அவ ஜெயில்லயா இருக்கிறா?"

"இல்ல மகள்."

"அப்ப நாங்களா?"

கணவரிடம் சொன்னேன். "பாவம்தான். ஆனா நமக்கு இருக்கிறது ஒரு பிள்ளை" என்றார். கிளினிக்கிலும் கேட்டோம். மருந்து விடக்கூடாது, பழகிய கையால் கொடுப்பது நல்லது என்றார்கள். அந்தக் கை இத்தனை சின்னது என்று அவர்களுக்குத் தெரியாது. அம்மாவின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவருக்கு அன்பு செய்வது லேசு என்று ஒருநாள் நினைத்தேன். பிறகுதான், மாமி எங்கள் வீட்டில் சாப்பிடத் தொடங்கியபோது நாங்களும் சின்னப் பிள்ளைகள் என்பது உறைத்தது. காலையில் செபம் சொல்லும்போது திறந்துவிடலாம் என்று இருக்கிறது. மகள் முற்றத்தில் ஓடுவதைக் கண்டதும் வேண்டாம் என்று இருக்கிறது. இந்த இரண்டில் எது கடவுள் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அம்மாவின் நோயிலும் மறைவிலும் எங்களைத் தாங்கியவர்களை மறக்க மாட்டோம். லொறியில் ஏற்றிய மீன் பெட்டிகளை வெயிலில் இறக்கி வைத்துவிட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கரைத்தீவு நானாவுக்கும், அன்று அந்த மீனைக் காத்த கரை ஆட்களுக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறும் பாணும் கொண்டுவந்த அயலட்டைக்கும், பங்குத் தந்தைக்கும், எத்தாளைச் சொந்தங்களுக்கும் அப்பா, அண்ணா குடும்பத்தார், நாங்கள் எல்லோரும் நன்றி சொல்கிறோம்.

ஆண்டுத் திருப்பலி முடிந்து நீங்கள் எங்கள் முற்றத்தில் இருக்கும்போது இந்த மலர் உங்கள் கையில் இருக்கும். மதியத்துக்குத் திரேசா மாமி வருவார். படலை திறந்துதான் இருக்கும், ஆனாலும் அவராக உள்ளே வரமாட்டார். நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். ஒருமுறை கூட்டிவந்துவிட்டு மறுநாள் பூட்ட எனக்கு மனம் வராது. அதனால்தான் இப்போதே கேட்கிறேன். பிள்ளை வளர்த்தவர்களே, எனக்குச் சொல்லுங்கள். அம்மாவைப் போல இரு என்று மட்டும் சொல்ல வேண்டாம், அது எனக்குத் தெரியும். மாமியும் என் மகளும் முற்றத்தில் தனியாக இருக்கிற நேரம், நான் உலை பார்க்க அடுப்படிக்குள் போகலாமா, போகக்கூடாதா? சோறு பரிமாறத் தொடங்குமுன் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்பு மகள்