விரிசல் பூச்சில்தான் இருந்தது

பழைய கட்டடத்தை அளக்கப் போகிறவனை வாசலில் யாரும் சிரித்து வரவேற்பதில்லை. அவன் டேப்பைச் சுருட்டினால் கொஞ்ச நாளில் கடப்பாரை வரும் என்று தெருவுக்கே தெரியும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள், விருதுநகர் பஜாரில் ஒரு இன்ஜினியரிடம் நான் அந்த வேலை பார்த்தேன். அப்பா சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. ‘இந்த வேலையும் போய்விட்டால்?’ என்று பயந்துகொண்டே மதியச் சாப்பாட்டைப் பிரித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

காணாமல் போன மூன்று அடி

நான் முதலில் அளந்தது காதர் பாயின் சாக்குக் கடை இருந்த கட்டடம். மேல்மாடியில் அரைவட்ட ஜன்னல்கள், அவற்றில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி, மொட்டைமாடி விளிம்பில் சுண்ணாம்பில் செய்த கொடியும் பூவும். வெளி அகலம் இருபத்திரண்டு அடி, உள்ளே பதினேழரை. கல்லூரிப் பழக்கத்தில் இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் வரைந்தேன். மூன்று அடி கணக்கில் வரவில்லை.

மறுபடி போய் அளந்தேன். அதற்கு மறுநாளும் போனேன். கடைசியில், சுவருக்குப் பின்னால் ரகசிய அறை ஏதாவது இருக்கிறதா என்று பாயிடமே கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பக்கத்து ஜன்னலுக்குக் கூட்டிப் போய்க் கையை நீட்டச் சொன்னார். தோள்வரை என் கை சுவரின் கனத்துக்குள் அடங்கிவிட்டது.

“ஒவ்வொரு சுவரும் ரெண்டேகால் அடி தம்பி. காலேஜில ஒங்களுக்குச் சுவத்தையே காட்டலையாக்கும்?”

சுவர் தின்ற இடம்

கட்டடத்தின் முதலாளி சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். என் வரைபடத்தை விரித்ததும் அவர் விரல் நேராகச் சுவரில் போய் நின்றது. பில்லர் எழுப்பிக் கட்டினால் மெல்லிய சுவர் போதும், இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும், முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி போட்டுவிடலாம் என்று என் இன்ஜினியர் விளக்கினார்.

மேற்கு வெயில் அப்படியே உள்ளே இறங்குமே என்று மெதுவாகச் சொன்னேன். இன்ஜினியர் என்னைப் பார்த்த பார்வையில் மீதி வாக்கியத்தை விழுங்கினேன். முதலாளி மட்டும் சிரித்தார்.

“வெயிலுக்கு ஏசி இருக்கு. இம்புட்டு வருசமா வாடக குடுக்காம இந்தச் சுவரு உக்காந்திருக்கே, அதுக்கு என்ன சொல்றீக?”

இரண்டு வார்த்தை

பாய் காலி செய்ய மாட்டேன் என்றார். அவருடைய வாப்பா காலத்துக் கடை. மிளகாய், பருப்பு மண்டிக்காரர்கள் வாசலில் வண்டியை நிறுத்திச் சாக்குக் கட்டுகளை ஏற்றிப் போவார்கள். அந்த வாசல் போனால் வியாபாரமே போய்விடும். கட்டடம் பலவீனம் என்று சான்று இருந்தால் மட்டுமே அவரைக் கிளப்ப முடியும். கையெழுத்து இன்ஜினியருடையது. பார்த்து எழுதுவது நான்.

மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். தட்டிப் பார்த்தேன். பொள்ளென்று சத்தம். சுண்ணாம்புச் சுவரின் மேல் பிற்பாடு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அது ஒட்டாமல் வெடித்திருந்தது. ஒரு சில்லைப் பெயர்த்தால் உள்ளே சுவர் பாறை. ‘மேற்குச் சுவரில், பூச்சில் மட்டும், நீண்ட விரிசல் காணப்படுகிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஜினியர் கோபப்படவில்லை. ‘பூச்சில் மட்டும்’ என்பதைப் பேனாவால் அடித்தார். நான் அப்பாவை நினைத்துக்கொண்டு, அழகான கையெழுத்தில் நகல் எடுத்தேன். இன்ஜினியர் சமாதானம் சொன்னார்.

“புதுசா எதையும் எழுதச் சொல்லலையேப்பா, ரெண்டு வார்த்தய விடத்தான சொல்றேன்.”

கடப்பாரை

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. புதுக் கட்டடத்திலும் கடைக்கு இடம் தருவதாக முதலாளி சொன்னார். பாய் வழக்கு எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார். வர்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பழைய சாமான் வியாபாரி கழற்றிப் போனார். ஒரு வாரத்தில் தரைமட்டமாக்குகிறோம் என்று ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்த ஆட்களுக்கு ஒரு மாதம் ஆனது.

மேற்குச் சுவர்தான் கடைசி. அடிக்க அடிக்கக் கடப்பாரை தெறித்தது. நோட்டும் கையுமாக நின்ற என்னிடம் மேஸ்திரி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் உரிந்திருந்தது. எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது.

“இத வீக்குன்னு எழுதுன ஆளு இங்கன வந்து ஒரே ஒரு போடு போடட்டும் சார், பாப்போம்.”

இரண்டாம் மாடி

காம்ப்ளெக்ஸ் எழும்பியது. முதலாளி சொன்னபடி பாய்க்கு இடம் கொடுத்தார், இரண்டாம் மாடியில். சாக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு யார் அத்தனை படி ஏறி இறங்குவார்கள்? மண்டிக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். நான் போனபோது பாய் வெயிலுக்காகக் கண்ணாடியில் பழைய செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த மாதத்தோடு கடையை மூடப்போவதாகச் சொன்னார். “வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டதும் என்னால் தாங்க முடியவில்லை.

விரிசல் பூச்சில்தான் இருந்தது, தெரிந்தேதான் விட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் எழுதாவிட்டால் வேறு ஆள் எழுதியிருப்பார் என்றும் சேர்த்துக்கொண்டேன். பாய் பசை தடவிய தாளைக் கண்ணாடியில் ஒட்டி நீவிவிட்டார்.

“எழுதியிருப்பாருதான். ஆனா அந்த ஆளு இப்படி என் முன்னால வந்து உக்காந்து கண்ணக் கசக்க மாட்டாருல்ல, நான் அவர நிம்மதியா வைஞ்சிருப்பேன்.”

அந்த இரண்டு வார்த்தையை விட்டு நான் எழுதிய அறிக்கையை யார் எடுத்துப் படித்தாலும் ஒரு பொய்கூட அகப்படாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் சம்பாதித்த நல்ல பெயர்.