வாட்டர் சீல் சத்தம் நின்ற மதியம்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் ரோட்டை ஒட்டி எங்கள் பிளான்ட் இருந்தது. நான் ஆபரேட்டர். பழைய பிளாஸ்டிக்கை மூடிய ரியாக்டரில் போட்டுச் சூடாக்கினால் ஆவியாகும்; அந்த ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெய். செங்கல் சூளைக்காரர்கள் வாங்குவார்கள். குளிராமல் மிஞ்சும் கேஸ் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் குமிழ் விட்டு வெளியேறும். அதுதான் வாட்டர் சீல். அந்தச் சத்தம் கேட்கிறவரை நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

பால் கவர், கேரி பேக் போட்டால் நல்ல எண்ணெய் கிடைக்கும். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்கி, கழுவி, காய வைத்து, பிரிக்கும் பெண்களுக்குக் கூலியும் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது. முதலாளி துபாயில் சம்பாதித்ததையெல்லாம் இதில்தான் போட்டிருந்தார். ஒரு நாள் லாரி நிறைய ஃப்ளெக்ஸ் பேனர் வந்து இறங்கியது.

"சும்மாவே தாராங்க அண்ணாச்சி. கழுவ வேண்டாம், பிரிக்க வேண்டாம்."

"ஃப்ளெக்ஸ் பி.வி.சி.லா முதலாளி? ஆசிட் வரும்."

"பாதிக்குப் பாதி கலந்து போடுங்க. கரண்டு பில்லாவது கட்டுவோம்."

போட்டேன். ஒரு வாரம் போட்டேன்.

பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி பேனர்கள். ரியாக்டர் வாய்க்குள் தள்ளும்போது எல்லா முகமும் சிரித்துக்கொண்டே உள்ளே போகும். அந்த வாரத்தில் ஷெட்டுக்குள் இருந்த பூட்டு, சாவி, சைக்கிள் செயின் எல்லாம் துருப்பிடித்தன. ஒரு காலையில், பிளாஸ்டிக் பிரிக்கும் செல்வி ஒரு பேனரை இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் அண்ணாச்சி. ஒரு தடவ எரிச்சாச்சு. மறுபடியுமா?"

அதை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு, மற்றதை ஏற்றித் தீ மூட்டினேன்.

மதியம் சோற்றில் கை வைத்தபோது சத்தம் இல்லை. வாட்டர் சீல் அசையாமல் கிடந்தது. பிரஷர் கேஜில் முள் பூஜ்யம். சூடு போதவில்லை என்று நினைத்து விறகைக் கூட்டச் சொன்னேன். பிறகுதான் ரியாக்டரிலிருந்து வரும் பைப்பைத் தொட்டேன். தொட்டால் கை கொப்பளிக்க வேண்டிய பைப் ஆறிக் கிடந்தது. கீழே தீ கொழுந்து விட்டு எரிகிறது. அப்படியானால் உள்ளே இருப்பதெல்லாம் எங்கே போகிறது?

"எல்லாரும் ரோட்டுக்கு ஓடுங்க!" என்று கத்தியபடி விறகை வெளியே இழுத்தேன்.

"தீய அணைச்சா பேட்ச் போயிரும் அண்ணாச்சி!" என்றார் முதலாளி. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ரோட்டில் நின்றோம். ஒரு காக்காய்ச் சத்தம்கூட இல்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"ஒண்ணுமே இல்லையே. நான் போய்ப் பாக்கேன்" என்று முதலாளி ஒரு எட்டு வைத்தார். அப்போது ரியாக்டர் கதவின் இடுக்கை அடைத்திருந்த கேஸ்கெட் பிய்ந்தது. கறுப்பு ஆவி ஷெட்டை நிறைத்து, அப்படியே தீப்பிடித்தது. சுவரோரம் சாய்த்திருந்த பேனர்கள் சூட்டில் ஒவ்வொன்றாக மடங்கி எழுந்து எங்கள் பக்கம் திரும்பின. செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். யாருக்கும் காயமில்லை. ஷெட் மிஞ்சவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆறிய பைப்பை அறுத்துப் பார்த்தோம். வாய் முழுக்க மஞ்சள் பொடி இறுகியிருந்தது. ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் பாலியஸ்டர் நூல் கொடுத்த பொடி அது. கேஜுக்குப் போகும் சின்னக் குழாயையும் அதுவே அடைத்திருந்தது. பிரஷர் ஏறினால் தானே திறக்க வேண்டிய சேஃப்டி வால்வை ஆசிட் அரித்து ஒட்ட வைத்திருந்தது.

முதலாளி மறுபடி துபாய் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கதவைத் திறந்து பேனரை உள்ளே போட்டது என் கை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சும்மா வரும் சரக்கின் விலை கணக்கு நோட்டில் தெரியாது. கூடாது என்று தெரிந்த சரக்கு வந்தால், ரியாக்டர் வாயை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அன்றைக்குக் கூலி போனால் போகட்டும்.